தூக்கினால் சுற்றுகிறது, தரையில் வைத்தால் நிற்கிறது!

கேள்வி: இரண்டு மஞ்சள் கியர் மோட்டார், அவற்றை ஓட்டும் எல்298என் போர்டு, அதற்குக் கட்டளை கொடுக்கும் ஆர்டுயினோ ஊனோ வைத்துக் குட்டி ரோபோ செய்தேன். 9 வோல்ட் கட்டை பேட்டரி போட்டிருக்கிறேன். கையில் தூக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுகிறது. தரையில் வைத்தால் உறுமல் மட்டும்தான். ஆர்டுயினோவும் அணைந்து அணைந்து எரிகிறது. போர்டு போய்விட்டதா?

பதில்: போர்டு மேல் பழி போடாதீர்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். அந்த 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டர் போல சில மில்லி ஆம்பியரில் காலம் தள்ளும் கருவிகளுக்கானது. சுமையோடு புறப்படும் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பேட்டரியின் உள்மின்தடை அதிகம் என்பதால் வோல்ட்டேஜ் அப்படியே படுத்துவிடும். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, போர்டின் 12வி, ஜிஎன்டி (கிரவுண்ட்) ஸ்க்ரூக்களில் தொட்டுக்கொண்டே ரோபோவை ஓடவிடுங்கள். புறப்படும்போது முள்ளோ எண்ணோ சரிவது தெரியும். போர்டில் உள்ள சிவப்பு எல்இடியும் மங்கும்.

இன்னொன்று: போர்டில் உள்ள எல்298 பழைய வகை ஐசி (சில்லு). 1 ஆம்பியர் ஓடும்போது 1.8 முதல் 3.2 வோல்ட் வரை அதுவே தின்றுவிடும். கறுப்பு ஹீட் சிங்க் சுடுவதும் அதனால்தான். எனவே 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு மிச்சம் 4 வோல்ட் வந்தாலே பெரிது. 18650 என்ற லித்தியம் செல் இரண்டை வரிசையாகப் போட்டு 7.4 வோல்ட் கொடுங்கள், இந்த மோட்டாருக்குச் சரியாக இருக்கும்.

ஸ்க்ரூ முனைகளின் பின்னால் ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) இருக்கும். அது இருக்கும்வரை 5வி முனை வெளியே கொடுக்கும் முனை. அங்கே வேறு மின்சாரத்தைச் செருகாதீர்கள். 12 வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதானால் ஜம்பரை எடுத்துவிட்டு, 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரி என்றாலும் இரண்டு ஜிஎன்டியையும் ஒரு வயரால் இணைத்தே ஆக வேண்டும். இணைக்காவிட்டால் மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

பேட்டரி மாற்றிய பிறகும் ஆர்டுயினோ ரீசெட் ஆனால், 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றை ஒவ்வொரு மோட்டாரின் இரு காதுகளுக்கும் குறுக்கே சால்டர் செய்யுங்கள். பிரஷ் பொறியால் வரும் இரைச்சல் அங்கேயே அடங்கும். போர்டு பக்கத்தில் வைத்தால் பாதி பயன்தான்.

கேள்வி: எல்298என் போர்டில் மோட்டார் வேகத்துக்கான ஈஎன்ஏ, ஈஎன்பி வயர்களை ஆர்டுயினோவின் 9, 10 பின்களில் கொடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்தி வந்தேன். சென்சாரைத் திருப்ப ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) சேர்த்ததும் வேகம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சர்வோவை 4-ஆம் பின்னில்தானே செருகினேன்?

பதில்: எந்தப் பின்னில் செருகினாலும் இதுதான் கதி. ஊனோவில் சர்வோ லைப்ரரி டைமர் 1-ஐ எடுத்துக்கொள்ளும். 9, 10 பின்களின் பிடபிள்யூஎம் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் துடிப்பு) அந்த டைமரை நம்பித்தான் இருக்கிறது. வயர்களை 5, 6-க்கு மாற்றி, புரோகிராமிலும் எண்ணை மாற்றுங்கள். சர்வோவுக்கு மின்சாரத்தை எல்298என் போர்டின் 5வி முனையிலிருந்து எடுக்க வேண்டாம், அங்கிருக்கும் சின்ன ரெகுலேட்டர் திணறும்.

கேள்வி: எல்298என்னை எடுத்துவிட்டு டிபி6612 என்ற வேறொரு மோட்டார் போர்டு போட்டேன். வயரிங் எல்லாம் சரி. சத்தம்கூட வரவில்லை.

பதில்: எஸ்டிபிஒய் (ஸ்டாண்ட்பை) பின்னை எங்கே கொடுத்தீர்கள்? சும்மா விட்டால் ஐசி தூங்கிக்கொண்டே இருக்கும். அதை 5 வோல்ட்டில் இணையுங்கள். விஎம் மோட்டாருக்கு, விசிசி ஐசிக்கு, இரண்டும் வேண்டும். அப்படியும் அசையாவிட்டால் போர்டைத் திருப்பிப் பாருங்கள். பல போர்டுகளில் பின்களின் வரிசை தனியாகத்தான் வரும். ஓட்டைக்குள் சொருகினால் போதாது, ஒவ்வொரு காலையும் சால்டர் வைக்க வேண்டும்.