இடது கை இன்னும் ஸ்கூட்டரில்தான் இருக்கிறது

கேள்வி:

எனக்கு 31 வயது. ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். எட்டு வருடம் ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட விழுந்ததில்லை. மலைக்கு மாற்றல் வந்ததும், அண்ணன் சும்மா நிறுத்தி வைத்திருந்த 125 சிசி பைக்கை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதத்தில் மூன்று முறை கீழே போட்டுவிட்டேன். முதலில், வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது. அடுத்து, பெட்ரோல் பங்கில் வரிசையில் போய் நிற்கும்போது. கடைசியாக, இறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே ஓடியபோது. அன்றைக்கு பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் இன்னும் வேகமாகப் போனது போல இருந்தது. முழங்காலில் சிராய்ப்பு, கிளட்ச் லிவர் வளைந்தது, ஓர் இண்டிகேட்டர் உடைந்தது. பங்கில் விழுந்த வண்டியை என்னால் தூக்கவே முடியவில்லை, இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். அடியைவிட அதுதான் அதிகம் வலித்தது. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கியர் வண்டி" என்கிறார் அம்மா. விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எட்டு வருட அனுபவம் எங்கே போனது? எனக்கு பைக் வராதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வண்டியை விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று முறை விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த மூன்றும் ஒன்றாகத்தான் தெரிகின்றன. மூன்றிலும் உங்கள் இடது கை ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஸ்கூட்டரில் இடது கை லிவர் என்ன செய்யும்? பிரேக் பிடிக்கும். எட்டு வருடமாக நாய் வந்தாலும் பள்ளம் வந்தாலும் உங்கள் இடது கை விரல்கள்தான் முதலில் இறுகியிருக்கும். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். அதைப் பிடித்தால் வண்டி நிற்காது, என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்புதான் அறுந்துபோகும். பின் பிரேக்கோ வலது காலுக்குப் போய்விட்டது. ஸ்கூட்டரில் அந்தக் காலுக்கு எட்டு வருடமாக ஒரு வேலையும் இல்லை. ஆபத்து நேரத்தில் அது எப்படித் தானாகப் போய் பெடலை மிதிக்கும்?

ஆடு வந்த அன்றைக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இறக்கத்தில் வந்துகொண்டிருந்தீர்கள். கியரில் இருந்தவரை என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்திருந்தது. ஆட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளும் இறுகின. இடது கை கிளட்சைப் பிடித்தவுடன் என்ஜினின் பிடி விட்டுப்போய் வண்டி இறக்கத்தில் உருண்டது. வேகம் கூடியது போல இருந்தது என்று எழுதினீர்களே, அது பிரமை இல்லை. அந்தப் பயத்தில் வலது கை முன் பிரேக்கை முழுசாக அழுத்தியிருக்கும். ஜல்லியோ மண்ணோ கிடக்கிற மலைச் சாலையில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் கீழே விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

வாசலிலும் பங்கிலும் வேகம் இல்லை, மற்றபடி கதை ஒன்றுதான். மெதுவாகத் திருப்புகிறீர்கள், ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி சாய்வது போலத் தோன்றியதும் இரண்டு லிவரையும் இறுகப் பிடிக்கிறீர்கள். கிளட்ச் பிடித்ததும் வண்டியை நிமிர்த்தி வைத்திருந்த இழுவை போய்விடுகிறது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால், முன்னால் பாயும் பாரம் முழுக்க திரும்பிய பக்கமே இறங்கும். 120 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வண்டி, கொஞ்சம் சாயும்வரை ஒரு காலால் தாங்கலாம். அந்தக் கோணத்தைத் தாண்டிவிட்டால் பயில்வானாலும் பிடித்து நிறுத்த முடியாது. புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைப் போடுவது ஓடும்போது இல்லை, இப்படி நிற்கப் போகும்போதுதான். என் ஒர்க்ஷாப்புக்கு லிவர் நுனி மட்டும் வளைந்து வரும் வண்டிகளைப் பார்த்தாலே, "எங்கே திருப்பினீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன்.

எட்டு வருட அனுபவம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கும் போகவில்லை. சாலையைப் படிக்க, பஸ்ஸுக்கு ஒதுங்க, எதிரே வருகிறவர் என்ன செய்வார் என்று ஊகிக்க அது உங்களுக்கு இன்றும் உதவுகிறது. கை கால் பழக்கம் மட்டும் வண்டிக்கு வண்டி வேறு. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் ஒரு பல்கலைக்கழகக் குழு லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களின் சாலை அனுபவம் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று வருடம். ஆனால் அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வண்டி மாறினால் பழையவரும் புதியவர்தான்.

எனக்கே நடந்திருக்கிறது. இருபது வருடம் பைக் மட்டுமே ஓட்டியவன், ஒருநாள் மனைவியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனேன். ஒரு பையன் குறுக்கே வந்தான். கிளட்ச் என்று நினைத்து இடது லிவரை முழுசாகப் பிடித்தேன். பின் சக்கரம் இழுத்துக்கொண்டு போய் வண்டி பக்கவாட்டில் சரிந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் முதல் விஷயம், இன்னும் ஆறு வாரத்துக்கு ஸ்கூட்டரைத் தொடாதீர்கள். காலையில் அது, மாலையில் இது என்று மாற்றி மாற்றி ஓட்டினால் விரல்களுக்குக் குழப்பம் தீரவே தீராது.

இரண்டாவது, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், என்ஜின் போட வேண்டாம். ஷூ போட்டு, ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். அண்ணனைப் பின்னால் நிற்கச் சொல்லி, எதிர்பாராத நேரத்தில் "ஆடு!" என்று கத்தச் சொல்லுங்கள். கத்தியதும் வலது கால் பெடலை மிதிக்க வேண்டும், வலது கை விரல்கள் முன் லிவரை எலுமிச்சம்பழம் பிழிவது போல மெதுவாக ஆரம்பித்து இறுக்க வேண்டும், இடது கை சும்மா இருக்க வேண்டும். கிளட்ச் கடைசியில், வண்டி நிற்கப் போகிற தறுவாயில்தான். நான் பழக்கிவிடுகிறவர்களிடம் இதைச் செய்யும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன், இடது கை முட்டிகளைத்தான் பார்ப்பேன். முதல் நாள் ஒவ்வொரு தடவையும் அந்த முட்டிகள் வெளுத்துப்போகும். நான்கைந்து நாளில் விரல்கள் கைப்பிடியிலேயே தளர்ந்து கிடக்கும், பெடல் மட்டும் "டக்" என்று இறங்கும். அந்தச் சத்தம் முந்திக்கொண்டு வரும்வரை மலைப் பக்கம் அவசரப்பட்டுப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை போதும். இதில் பெட்ரோல் செலவும் இல்லை, பார்த்துச் சிரிக்க ஆளும் இல்லை.

அப்புறம் மைதானம். விடிகாலையில் ஆள் இல்லாத பள்ளி மைதானமோ களமோ போதும். முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே கிளட்சை மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் வண்டி லேசாக முன்னால் முட்டும், என்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மும். கிளட்ச் 'கடிக்கிற' இடம் அதுதான். விரல்களை அங்கேயே நிறுத்தி, நடை வேகத்தில் பத்தடி போய், காலால் பிரேக் பிடித்து நில்லுங்கள். திரும்பத் திரும்ப இதையே செய்யுங்கள், சலிக்கும்வரை செய்யுங்கள். பிறகு அந்த வேகத்திலேயே வட்டம் போடுங்கள். இதற்கு ஒரே விதி: ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பக்கம் விரலே போகக் கூடாது. கிளட்ச் பாதிக் கடியில், வலது கால் பெடலை லேசாகத் தொட்டபடி, கண் திரும்பப் போகிற இடத்தில். தரையைப் பார்த்தால் தரைக்குத்தான் போவீர்கள். பங்கிலும் இதே மாதிரிதான்: கடைசி இரண்டு மூன்று அடிக்கு முன்பே ஹேண்டில்பாரை நேராக்கிவிட்டு, கால் பிரேக்கில் நின்று, இடது காலை ஊன்றுங்கள். பங்கில் தரை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும், செருப்புக் கால் வழுக்கும். ஷூ போடச் சொன்னது அதற்கும்தான்.

முன் பிரேக்கைக் கண்டு பயந்துவிடாதீர்கள். நேராகப் போகும்போது வண்டியை நிறுத்துவதில் பெரிய பங்கு முன் பிரேக்குக்குத்தான், ஏனென்றால் பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் போய் முன் டயரைத் தரையோடு அழுத்துகிறது. அந்த அழுத்தம் வருவதற்கு ஒரு நொடி அவகாசம் கொடுத்துப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வண்டியாக இருந்தால் அதில் பெரும்பாலும் சிபிஎஸ் என்கிற இணைந்த பிரேக் இருக்கும். அப்படியிருந்தால் கால் பெடலை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஸ்கூட்டரில் உங்கள் இடது கை செய்த வேலையை இங்கே வலது கால் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலை ஓட்டுதலில் மறக்கக் கூடாதது ஒன்று. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். லாரி டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது இது. இறக்கத்தில் நியூட்ரலும் கூடாது, கிளட்சைப் பிடித்தபடி உருளுவதும் கூடாது. ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டி வந்தால் இடது கால் தரையில், வலது கால் பெடலில். கிளட்ச் கடிக்கும்வரை விட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்த பிறகே பெடலை விடுங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டியது இறங்குகிற நீங்கள்.

சரி, தூக்குவதற்கு வருவோம். உங்களுக்கு அதிகம் வலித்தது அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். எதிரே நின்று குனிந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துக் கையால் இழுத்தால் யாருக்கும் வராது, முதுகுதான் பிடித்துக்கொள்ளும். முதலில் சாவியை அணையுங்கள். வண்டி கியரில் இருந்தால் அப்படியே இருக்கட்டும், உருளாது. இடது பக்கம் விழுந்திருந்தால் ஹேண்டில்பாரை இடது பக்கமே கடைசிவரை திருப்புங்கள், கைப்பிடி டேங்குக்குப் பக்கத்தில் வரும். இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை முட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கி உட்காருங்கள். ஒரு கை ஹேண்டில்பார் பிடியில், மறு கை பின்சீட் கைப்பிடியில். முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். தூக்குவது கை இல்லை, தொடைதான். மெலிந்த பெண்கள்கூட இப்படித் தூக்கி நான் பார்த்திருக்கிறேன். நிமிர்ந்ததும் சைடு ஸ்டாண்டைப் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டி அந்தப் பக்கம் போய் விழும். சில புதிய வண்டிகள் விழுந்ததும் தாமாகவே அணைந்துவிடும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் மறுபடி கிளம்பும். முதல் தடவை இதை வீட்டு முன்னால், ஒரு பழைய மெத்தையில் வண்டியைச் சாய்த்து, அண்ணன் பக்கத்தில் நிற்கச் செய்து பாருங்கள்.

வளைந்த கிளட்ச் லிவரை நிமிர்த்தி ஓட்ட வேண்டாம். அலுமினியம் அது, ஒருமுறை வளைந்ததை நிமிர்த்தினால் உள்ளுக்குள் விரிசல் விட்டு, வேண்டிய நேரத்தில் கையோடு வந்துவிடும். விலை குறைவுதான், புதிதாக மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கிளட்ச் கேபிளையும் உங்கள் கைக்குத் தகுந்தபடி வைக்கச் சொல்லுங்கள். லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை தளர்வு இருந்தால் நல்லது. அண்ணன் கைக்கு வைத்தது உங்கள் கைக்கு எட்டாமல் இருக்கலாம். ஹேண்டில்பாரை நேராகப் பிடிக்கும்போது முன் சக்கரம் ஒரு பக்கம் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். விழுந்த வண்டியில் இது அடிக்கடி வரும், ஒர்க்ஷாப்பில் சில நிமிட வேலை.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்கிறேன். உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஸ்கூட்டருக்கு எடுத்தது என்றால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்று இருக்கலாம். அப்படியிருந்தால் கியர் வண்டிக்குத் தனியாக எல்எல்ஆர் போட்டு, 30 நாள் கழித்து எட்டு போட்டுக் காட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை எல் போர்டு கட்டாயம், பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. இதைச் செய்யாமல் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிடலாம். மலையில் நர்ஸாக இருக்கும் உங்களுக்கு அந்தச் சிக்கல் வரவே கூடாது.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். பயத்தில் சொல்கிறார். மைதானத்துக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்து, நீங்கள் வட்டம் போடுவதைப் பார்க்கவிடுங்கள். துப்பட்டாவை இறுக்கி முடிந்திருக்கிறீர்களா, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்டின் பட்டையைப் பூட்டியிருக்கிறீர்களா என்று பார்க்கிற வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். சாலையில் ஏதாவது குறுக்கே வந்தபோது முதலில் போனது உங்கள் இடது கையா, வலது காலா என்பதை மட்டும் எழுதினால் போதும்.