முதலில் ஷோகேஸை அளந்து பாருங்கள்: டிவிக்குக் கீழே சின்ன கம்ப்யூட்டர்

கேள்வி: ஹாலில் 55 அங்குல 4கே டிவி இருக்கிறது. கீழே ஷோகேஸ் தட்டு 60 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம். படம் பார்க்கவும், பிள்ளைகள் கேம் விளையாடவும் அதற்குள் அடங்குகிற கம்ப்யூட்டர் வேண்டும். கடையில் ரைசன் 5 5600ஜி பிராசஸர், ஏ520 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, 16 ஜிபி ராம் ஒன்று, பெயர் தெரியாத 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) என்று எழுதித் தந்தார்கள். "கிராபிக்ஸ் கார்டு பிறகு போட்டுக்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: இப்படியே வாங்க வேண்டாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு மட்டுமே 24.4 செ.மீ. சதுரம். அது நிற்கிற கேபினெட் உங்கள் தட்டின் உயரத்துக்குள் நுழையாது. சின்னப் பெட்டி என்றால் 17 செ.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் போர்டுதான். அதில் கார்டு போட ஒரே ஸ்லாட், ராமுக்கு இரண்டு ஸ்லாட். பிறகு சேர்க்க இடம் குறைவு என்பதால், என்ன வேண்டும் என்று வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

பட்டியலில் இன்னும் இரண்டு கோளாறுகள். 5600ஜி-யில் தனி கார்டு கிடையாது; உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ராமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. ஒற்றை ராம் போட்டால் அந்த வழியின் அகலம் பாதியாகிவிடும், கேம் திணறும். எட்டு ஜிபி இரண்டாகப் போட்டிருந்தால் ஏறக்குறைய அதே பணத்தில் வேகம் கூடியிருக்கும். அடுத்தது ஏவி1. யூடியூப் அதிகமாகப் பயன்படுத்தும் இந்த வீடியோ வகையைப் பிரிக்கும் வசதி 5600ஜி-யின் கிராபிக்ஸில் இல்லை. அந்த வேலை பிராசஸர் தலையில் விழும், விசிறி இரையும்.

உங்கள் தட்டின் அளவைப் பார்த்தால் வழி இரண்டுதான்.

பெட்டி தட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்றால் கார்டை மறந்துவிடுங்கள். ரைசன் 5 8600ஜி, ஏஎம்5 (இந்த பிராசஸர் உட்காரும் சாக்கெட் வகை) மினி ஐடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்5-6000 ராம் 16 ஜிபி வீதம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. 4, 5 லிட்டர் கேபினெட் போதும். இந்த பிராசஸர் ஏவி1-ஐப் பிரிக்கும். பழைய கேம்களும் ஆன்லைன் போட்டி கேம்களும் 1080பி-யில் ஓடும். புதிய பெரிய கேம்களை 4கே-யில் எதிர்பார்க்கக் கூடாது. பிராசஸரின் சூட்டைத் தணிக்கும் கூலரில் ஏமாறாதீர்கள். பிராசஸரோடு வரும் கூலர் ஏறக்குறைய 54 மி.மீ. உயரம், மெலிந்த கேபினெட் பலவற்றில் மூடி மூடாது. 37 அல்லது 47 மி.மீ. கூலரைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். கேபினெட்டின் விவரக் குறிப்பில் கூலர் உயரம் எவ்வளவு வரை என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பெரிய கேம்தான் வேண்டும் என்றால் பெட்டி தட்டுக்கு வெளியே, டிவியின் பக்கத்தில் நிற்க வேண்டும். கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற 18 லிட்டர் கேபினெட்டை எடுத்துக்கொள்வோம். 37.6 செ.மீ. நீளம், 29.2 உயரம், 18.5 அகலம். படுக்கவைத்தால் உங்கள் தட்டில் நுழையத்தான் செய்யும். ஆனால் மேலே மூன்றரை செ.மீ. இடைவெளிதான் மிஞ்சும், பின்னால் கேபிள் வளைய ஏழு செ.மீ. வேண்டிய இடத்தில் இரண்டரைகூட இருக்காது. கீழிருந்து காற்று வாங்கி மேலே விடுகிற அமைப்பு அது. படுக்கவைத்து அடைத்தால் கார்டு கொதிக்கும், தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்திவைத்து நான்கு பக்கமும் 10 செ.மீ. விடுங்கள்.

இந்த வழியில் 8600ஜி வேண்டாம். ரைசன் 5 7600 எடுங்கள். 8600ஜி-யின் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 7600-இல் 32 எம்பி. கார்டு போட்ட பிறகு உள் கிராபிக்ஸுக்குக் கொடுத்த பணம் சும்மா கிடக்கும். கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 5060 (145 வாட், 8 ஜிபி) அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி (160 வாட்). 4கே டிவியில் விளையாடப் போகிறீர்கள் என்பதால் 16 ஜிபி உள்ளதையே சொல்வேன். விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போதும் என்பவர்கள் மட்டும் கவனிக்க: ஆர்எக்ஸ் கார்டுகளின் நிறுவனமான ஏஎம்டி-யின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்ப்பதற்கு எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது. 4கே 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவருக்கு இது இடைஞ்சல்.

எஸ்எம்பிஎஸ் இங்கே எஸ்எஃப்எக்ஸ் என்கிற சிறிய வகை (12.5 × 10 × 6.35 செ.மீ.). சாதாரண ஏடிஎக்ஸ் உட்காராது. 550 அல்லது 650 வாட், 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று) தாராளம். இதற்குக் கூடுதல் செலவாகும். கடையில் கையிருப்பும் இருக்காது, வரவழைக்கத்தான் வேண்டும். அது ஒத்துவரவில்லை என்றால் வீம்பு பிடிக்காமல் 25, 30 லிட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டுக்குப் போய்விடுங்கள். டிவி பக்கத்தில் நிற்கப்போகிற பெட்டிக்குக் கொஞ்சம் பருமன் குற்றமில்லை.

பாகங்களைப் பூட்டிய பிறகு தடுமாறும் இடங்கள். டிடிஆர்5 போர்டு முதல்முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து சுவிட்சை அணைக்க வேண்டாம். பயாஸில் எக்ஸ்போவை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாவிட்டால் 6000 ராம் 4800-லேயே ஓடும். கார்டு போட்டிருந்தால் டிவி கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல; இதைச் சொல்லவும் வேண்டுமா என்றால், வேண்டும். போர்டு பெட்டியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கையேட்டில் "4கே 60 ஹெர்ட்ஸ் வரை" என்று இருந்தால் அவ்வளவுதான். எழுத்து மங்கலாக, நிறம் வழிந்ததாகத் தெரிந்தால் டிவியில் அந்த இன்புட்டின் பெயரை "பிசி" என்று மாற்றுங்கள். சுவருக்குள் குழாயில் முன்பே இழுத்துவைத்த பழைய எச்டிஎம்ஐ கேபிள் 4கே 120-இல் விட்டுவிட்டுக் கறுக்கும். க்யூஆர் முத்திரையுள்ள அல்ட்ரா ஹைஸ்பீடு கேபிள், 3 மீட்டருக்குள் வாங்குங்கள்.

வயர்லெஸ் கீபோர்டு சோபாவிலிருந்து எடுக்கவில்லை என்றால் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டாம். யூஎஸ்பி 3 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் விடும். ரிசீவரை ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு கேபிளில் முன்பக்கம் கொண்டுவாருங்கள். டிவி ரிமோட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும் என்றும் நினைக்காதீர்கள். பிசி கார்டுகள் பொதுவாக சிஇசி-யை (எச்டிஎம்ஐ வழியாக ஒரு கருவி இன்னொன்றை இயக்கும் வசதி) ஆதரிப்பதில்லை.

கடைசியாக, ஓடிடி. பிரவுசரில் பிரைம் வீடியோ 4கே தருவதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்கு எட்ஜ் பிரவுசர், எச்டிசிபி 2.2 என்கிற நகல் தடுப்பு, எச்இவிசி என்கிற வீடியோ வகைக்கான நீட்டிப்பு எல்லாம் பொருந்தி வர வேண்டும். அந்த வேலையை டிவியின் சொந்த ஆப்புக்கு விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் கேமுக்கும், கையிலுள்ள வீடியோ கோப்புகளுக்கும்.

கேள்வி: வீட்டு இன்வர்ட்டர் இருக்கிறது. தனி யூபிஎஸ் தேவையா? (வாசகர், தக்கலை)

பதில்: இன்வர்ட்டரில் "யூபிஎஸ் மோடு" சுவிட்ச் இருந்தால் அதில் போட்டுப் பாருங்கள். முழுச்சுமையில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஏறக்குறைய 16 மில்லிசெகண்டு தாக்குப்பிடிக்கும். யூபிஎஸ் மோடு அதற்குள் மாறிவிடும், சாதாரண மோடு மாறாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். சதுர அலை இன்வர்ட்டர் என்றால் வேண்டவே வேண்டாம். தனியாக வாங்குவதானால் கார்டுள்ள பெட்டிக்கும் டிவிக்கும் சேர்த்து 1000 அல்லது 1100 விஏ. 600 விஏ என்பது 360 வாட்தான்.

இங்கே கரண்ட் போவதைவிட இடிக்கு அஞ்ச வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசி இடியிலும் அடி கரண்ட் லைனில் மட்டும் வருவதில்லை. டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் கார்டுக்கும் ஏறும். வானம் கறுத்தால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் சர்ஜ் புரொடெக்டர் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான்.

கேள்வி: கடலிலிருந்து இருநூறு மீட்டரில் வீடு. பழைய கம்ப்யூட்டர் துருப்பிடித்தே போனது. புதியதை எப்படிக் காப்பது? (வாசகி, குளச்சல்)

பதில்: கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடியில் மேற்கு ஜன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள், பாதி வேலை அதிலேயே முடியும். உப்பு தனியாக அரிப்பதைவிட, தூசியோடு படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அரிப்பதுதான் அதிகம். அதனால் காற்று உள்ளே வரும் எல்லா வாயிலிலும் மெல்லிய வலை ஃபில்டர் இருக்கிற கேபினெட் வாங்குங்கள். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஓடுகிற பெட்டி சூடாக இருப்பதால் உள்ளே ஈரம் தங்காது. வாரக்கணக்கில் அணைந்து கிடப்பதுதான் கெடுதல். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். திடீரென்று ஆன் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் ராமின் தங்க முனைகளில் படலம் படிந்திருக்கும். மின் இணைப்பை எடுத்துவிட்டு, ராமைக் கழற்றி, 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு உதிராத துணியால் துடைத்து மாட்டுங்கள். டபிள்யூடி-40, தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. பயன்படுத்தாத போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். துருவேறிய போர்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் ஏற்பதில்லை. ஆரம்பத்திலேயே பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேள்வி: ஏழு மாதம் முன்பு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு பழுது. பில்லில் "கார்டு - 1" என்று மட்டும் இருக்கிறது. கடையில் "கம்பெனியைப் பாருங்க" என்கிறார்கள், கம்பெனி சீரியல் எண்ணுள்ள பில் கேட்கிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கார்டின் மேலும் பெட்டியின் மேலும் உள்ள சீரியல் எண்களைப் படம் எடுத்து, அந்த எண்ணைச் சேர்த்து பில் தரும்படி கடைக்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது. பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கடையையும் தயாரித்த நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். திருவனந்தபுரத்திலோ ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

இனி வாங்குவோர், பில் எழுதும்போதே ஒவ்வொரு பாகத்துக்கும் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் கேளுங்கள். சொல்கிற விலையில் 18% ஜிஎஸ்டி அடக்கமா என்றும் கேளுங்கள். ஏஎம்5 போர்டு வாங்கினால் கடையிலேயே சாக்கெட் மூடியைத் திறந்து, 1718 முனைகளும் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துப் படம் எடுங்கள். முனைகள் பிராசஸரில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் வாங்கியவர் கைத்தவறு என்றுதான் சொல்வார்கள். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போர்டைத் திருப்பி அனுப்பும்போது அதை மாட்டித்தான் அனுப்பச் சொல்வார்கள்.