சிக்கிள் செல் குழந்தைக்கு "வைரல் தான்"னு சொல்லிட்டா அப்படியே விட்டுடலாமா?

நீங்க கேட்டது இதுதான்: பையனுக்கு 5 வயசு, சிக்கிள் செல் (சிவப்பணு அருவாள் மாதிரி வளைஞ்சு சீக்கிரம் உடையற பரம்பரை ரத்த நோய்), எஸ்எஸ் டைப், அதாவது அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டருந்தும் அந்த ஜீன் வந்தது. மூணு நாள் காய்ச்சல் அடிச்சு இப்ப விட்டுடுச்சு, டாக்டர் வைரல் தான்னு சொல்லிட்டாங்க, ஆனா பையன் சோர்ந்து சோர்ந்து படுத்துக்கறான், இதுக்கு மேல டெஸ்ட் எதுவும் எடுக்கணுமா?

எடுக்கணும் சிஸ்டர், இன்னிக்கே எடுங்க. ரத்த அணுக்கள எண்ணற சிபிசி மட்டும் போதாது, கூடவே ரெட்டிக்குலோசைட் கவுண்ட்னு ஒண்ணு இருக்கு, புதுசா உருவாகி வர்ற சிவப்பணு எவ்வளவுன்னு காட்டும், சுருக்கமா ரெட்டிக்ம்பாங்க, அதையும் சேர்த்து கேளுங்க, அவங்களா எழுதலன்னா நீங்க வாய்விட்டு கேளுங்க. நான் டாக்டர் இல்ல, ரெண்டு எஸ்எஸ் குழந்தைங்களோட அம்மா. இந்த ஒரு டெஸ்ட கேக்கத் தெரியாம நான் நாலு நாள் சும்மா இருந்தவ, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

என் பொண்ணுக்கு அப்ப 7 வயசு. லேசா காய்ச்சல், தலைவலி, ரெண்டு தடவ வாந்தி. பக்கத்து கிளினிக்ல காட்டினோம், தொண்டைய பாத்தாங்க, நெஞ்ச பாத்தாங்க, வைரல் ஃபீவர் தான், பாராசிட்டமால் குடுங்க, தண்ணி நிறைய குடுங்கன்னு அனுப்பிட்டாங்க. காய்ச்சலும் ரெண்டே நாள்ல விட்டுடுச்சு. அவளுக்கு எப்பவுமே கண்ணு கொஞ்சம் மஞ்சளா இருக்கும், அந்த வாரம் பாத்தா மஞ்சள் குறைஞ்சு கண்ணு பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சு, சரி உடம்பு தேறிடுச்சு போலன்னு நான் சந்தோஷம்தான் பட்டேன். நாலாவது நாள் காலைல ஜன்னல் பக்கம் உக்கார வச்சு தலை பின்னிட்டு இருந்தேன், முடிய காதுக்குப் பின்னாடி ஒதுக்கினப்போ காது மடல் வெளிச்சத்துல மெழுகு மாதிரி இருந்துச்சு, சிவப்புங்கறதே இல்ல. கீழ் இமைய இழுத்துப் பாத்தேன், உள்ள பேப்பர் மாதிரி வெளுப்பு. ரெண்டாவது ஜடை பின்னறதுக்குள்ளயே என் மடியில சாஞ்சுட்டா, அம்மா நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னா.

அவளுக்கு எப்பவும் இருக்கற ஹீமோகுளோபின் 8. அன்னிக்கு 3.9. ரெட்டிக் கவுண்ட் எப்பவும் 10, 12 சதவீதம் இருக்கும், அன்னிக்கு 0.2.

ரத்தம் எங்க போச்சுன்னு எனக்கு ஒண்ணும் புரியல, ஏன்னா அடி படல, எங்கயும் ரத்தம் வரல. அப்புறம் ஹாஸ்பிடல்ல ஒரு டாக்டர் பொறுமையா உக்காந்து சொன்னாங்க. சாதாரண ஆளுக்கு ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், நம்ம குழந்தைங்களுக்கு அது 10லருந்து 20 நாள்தான். அவ்வளவு வேகமா உடையறத ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ராத்திரி பகலா புதுசு புதுசா அணுக்கள தயார் பண்ணி அனுப்பிட்டே இருக்கு, அப்படி புதுசா வந்து இறங்கற அணுவுக்குப் பேருதான் ரெட்டிக்குலோசைட். பார்வோவைரஸ் பி19னு ஒரு வைரஸ் இருக்கு, அது நேரா மஜ்ஜைக்குப் போய் சிவப்பணு உருவாக்கற அந்த இளம் செல்லுக்குள்ளயே நுழைஞ்சு அத அழிச்சுடும். ஒரு வாரம், பத்து நாளைக்கு உற்பத்தி மொத்தமா நின்னுடும். மத்த குழந்தைங்களுக்கும் இதே வைரஸ் வரும், கன்னம் ரெண்டும் அறைஞ்ச மாதிரி சிவந்து ஒரு வாரத்துல சரியாயிடும், அவங்க மஜ்ஜையும் கொஞ்ச நாள் நிக்கத்தான் செய்யும், ஆனா 120 நாள் வாழற அணு கையில இருக்கறதால அது வெளிய தெரியாது. நம்ம குழந்தைக்கு கைவசம் இருக்கறது பத்து பதினஞ்சு நாள் சரக்கு, வரவு நின்னா அப்படியே சரிஞ்சுடும். இதத்தான் அப்ளாஸ்டிக் கிரைசிஸ்னு சொல்றாங்க. கண்ணு மஞ்சள் குறைஞ்சது கூட அதனாலதான், உடையறதுக்கே ரத்தத்துல அணு குறைஞ்சு போச்சு. எல்லா குழந்தைக்கும் இப்படி தெரியும்னு இல்ல, ஆனா எனக்கு அந்த வெள்ளைக் கண்ணு இன்னிக்கும் மறக்கல.

இன்னொண்ணு, கன்னம் சிவக்கறது, உடம்புல தடிப்பு வர்றது இதெல்லாம் சிக்கிள் செல் குழந்தைங்களுக்கு பெரும்பாலும் வராது. அத எதிர்பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க.

இந்த வைரஸ 1975ல லண்டன்ல ரத்த சாம்பிள்கள டெஸ்ட் பண்ணிட்டு இருந்த இவோன் கோசார்ட்ங்கற விஞ்ஞானியும் அவங்க கூட இருந்தவங்களும் தற்செயலாத்தான் கண்டுபிடிச்சாங்க, பி-ங்கற வரிசைல 19வது சாம்பிள், அதுவே பேரா நின்னுடுச்சு. இதுக்கும் சிக்கிள் செல் குழந்தைங்க திடீர்னு வெளுத்துப் போறதுக்கும் தொடர்பு இருக்குன்னு 1981ல லண்டன்லயும் ஜமைக்காவுலயும் வெளிய வந்துச்சு. அதுக்கு முன்னாடி எத்தன அம்மாங்க காரணமே தெரியாம குழந்தைய தூக்கிட்டு ஓடியிருப்பாங்கன்னு நினைச்சா மனசு கனத்துப் போகுது.

பொண்ணுக்கு ரத்தம் ஏத்தினாங்க, அதுவும் ஒரேயடியா ஏத்தல, கொஞ்சம் கொஞ்சமா மெதுவாத்தான் ஏத்தினாங்க, ஏன்னா குறைஞ்ச ரத்தத்துக்கே பழகிப் போன இதயத்துக்கு திடீர்னு நிறைய போனா தாங்காதாம். அஞ்சாவது நாள் ரெட்டிக் 4 ஆச்சு, மறுநாள் 15க்கு மேல போச்சு, மஜ்ஜை முழிச்சுக்கிச்சுன்னு டாக்டர் சொன்னப்போ நான் அங்கயே உக்காந்து அழுதுட்டேன். தனி ரூம்ல வச்சிருந்தாங்க, ஏன்னா அந்த சமயத்துல அது சுலபமா பரவும், கர்ப்பமா இருக்கற நர்ஸ் யாரும் உள்ள வரக்கூடாதுன்னாங்க, வயித்துல இருக்கற குழந்தைக்கும் இந்த வைரஸ் ரத்தத்த குறைச்சு ஆபத்தாக்கிடும். உங்க வீட்ல கர்ப்பமா யாராவது இருந்தா இப்பவே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

என் பையனுக்கு அப்ப 4 வயசு, அவனும் எஸ்எஸ். ஓடிட்டு விளையாடிட்டுதான் இருந்தான். இருந்தாலும் அந்த டாக்டர் விடல, தம்பிக்கும் இன்னிக்கு சிபிசியும் ரெட்டிக்கும் பாருங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்கன்னாங்க. முதல் டெஸ்ட் நார்மல். ரெண்டாவதுல ரெட்டிக் 0.5, ஹீமோகுளோபின் 8லருந்து 6.4. அவன் நடந்தே ஹாஸ்பிடலுக்கு வந்தான், நடந்தே வீட்டுக்கும் போனான், சீக்கிரம் புடிச்சதால அவ்வளவுதான் வித்தியாசம். உங்க பையனுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி யாருக்காவது சிக்கிள் செல் இருந்தா இத தயவு செஞ்சு பண்ணுங்க. ஒரு தடவ வந்துட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி நிக்கும், ஆனா இதுக்குன்னு தடுப்பூசி இன்னும் இல்ல.

வெளுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது மணிக்கணக்குலயே ஆபத்தாகும். வைரல் காய்ச்சலோட சேர்ந்து மண்ணீரல் ரத்தத்த உள்ள இழுத்து அடைச்சு வச்சுக்கும், இடது விலாவுக்குக் கீழ வயிறு கெட்டியா வீங்கும். இதுல ரெட்டிக் குறையாது, ஏறித்தான் இருக்கும், பார்வோல குறையும், அந்த ஒரு நம்பர்லயே டாக்டருக்கு பாதி தெரிஞ்சுடும். ஜமைக்காவுல அம்மாங்களுக்கு மண்ணீரல கையால தடவிப் பாக்க சொல்லிக் குடுத்தே நிறைய குழந்தைங்கள காப்பாத்தினாங்க. அடுத்த தடவ போறப்போ உங்க டாக்டர்கிட்ட கத்துக்குங்க, ரெண்டு நிமிஷ வேலை.

ஃப்ளூ, ஆர்எஸ்வி, கோவிட் மாதிரி நெஞ்சப் புடிக்கற வைரஸ்ல பயம் வேற. நுரையீரல்ல ஆக்சிஜன் குறைஞ்சா அணுக்கள் அருவாள் மாதிரி வளைஞ்சு அங்கயே அடைக்கும், அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்ம்பாங்க. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலின்னு சொன்னா, விலா இடுக்கு உள்ள போய் போய் வந்தா ராத்திரியா இருந்தாலும் கிளம்பிடுங்க. நம்ம குழந்தைங்களுக்கு மண்ணீரல் சின்ன வயசுலயே வேலை செய்யறத விட்டுடறதால ஃப்ளூவுக்குப் பின்னாடியே நிமோகாக்கஸ் கிருமி நுழைஞ்சுடும், அதனால 101 தாண்டின எந்த காய்ச்சலையும் பாத்த உடனே வைரல்னு முடிவு கட்ட முடியாது, ரத்தம் எடுத்து அதுல கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சருக்கு அனுப்பி ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுதான் முறை. அடுத்த தடவ காய்ச்சல் வந்தா மூணு நாள் வீட்ல வச்சுப் பாக்காதீங்க. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், அதோட நிமோகாக்கல் ஊசி, ஹெபடைட்டிஸ் பி ஊசி, டாக்டர் எழுதின பெனிசிலின், இத எதையும் விடாதீங்க.

டெங்கு இருக்கற இடம்னா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். வலிக்கு இபுப்ரோஃபென் குடுத்துப் பழகியிருப்போம், டெங்கு இல்லன்னு தெரியற வரைக்கும் அது வேண்டாம், ரத்தக்கசிவு அதிகமாகும். தட்டணுவும் (பிளேட்லெட்) பாக்க சொல்லுங்க.

ஒரு சின்ன அட்டைல பையனோட வழக்கமான ஹீமோகுளோபின், வழக்கமான ரெட்டிக், ஆக்சிஜன் அளவு, மண்ணீரல் விலாவுக்குக் கீழ எத்தன விரல் அளவுக்கு கையில தெரியும், ரத்த வகை, இதெல்லாம் எழுதி பையில வச்சுக்குங்க. புதுசா பாக்கற டாக்டருக்கு 7ங்கறது பயங்கரமா தெரியலாம், 0.8 ரெட்டிக் நார்மலா தெரியலாம், நம்ம குழந்தைக்கு அது தலைகீழ்.

இப்ப எழுந்து பையன வெளிச்சத்துக்கு கூட்டிட்டு வாங்க. கீழ் இமை, நாக்கு, உள்ளங்கை ரேகை மூணையும் உங்க கையோட பக்கத்துல வச்சுப் பாருங்க. வெளுப்பா இருந்தா லேபுக்கு இல்ல, நேரா எமர்ஜென்சிக்கு போங்க. இல்லன்னாலும் சாயங்காலத்துக்குள்ள அந்த ரெண்டு டெஸ்டும் எடுத்துடுங்க, ரிசல்ட் வந்ததும் இங்கயே கமெண்ட்ல போடுங்க, நான் பாத்துட்டே இருப்பேன்.