ஞானஸ்நானம் பெறாத பாட்டிக்கு நரகமா?
தங்கச்சி, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலமெல்லாம் ரப்பர் பால்மரம் சீவி உங்களை வளர்த்த பாட்டி, ஞானஸ்நானம் பெறாததால் நரகத்துக்குத்தான் போவார் என்று போதகர் சொன்னாராமே. துக்க வீட்டில் பேசுகிற பேச்சா அது?

மத்தேயு 25:46 நித்திய தண்டனையைச் சொல்வது உண்மை, மழுப்ப முடியாது. ஆனால் அதே அதிகாரத்தில் ஆண்டவர் விசாரிப்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்று. தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டி சோறு போட்டதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவர் என்ற போதனைக்குப் பேர்போன பழைய இறையியலாளர் ஓரிகனை 553-இல் திருச்சபைச் சங்கம் கண்டித்தது. அதே நம்பிக்கையோடு எழுதிய ஆயர் நிசாவின் கிரகோரி இன்றும் புனிதர்! தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை 1964-லேயே எழுதிவைத்தது. உங்கள் போதகர் இதை ஏற்கமாட்டார். எல்லாருக்கும் மீட்பு என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். தீர்ப்பு மட்டும் போதகர் கையில் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தயங்காமல் போய் மாமாக்களோடு உட்காருங்கள்.