எலும்புக் காசநோய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காசநோய் பற்றிச் சென்ற முறை எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலும்பைப் பற்றியவை. பலர் நோயாளியின் வயதைக்கூட எழுதவில்லை. வயது, நோவு தொடங்கி எத்தனை கிழமை, நீரிழிவு உண்டா, நெஞ்சுப் படம் எடுத்தாயிற்றா என்ற நான்கும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு 62 வயது. முள்ளந்தண்டில் காசநோய் என்கிறார்கள். வீட்டில் மூன்று வயதுப் பேரப்பிள்ளை இருக்கிறது. தட்டு, தம்ளரைப் பிரித்து வைக்க வேண்டுமா? (சாவகச்சேரி)

வேண்டாம். எலும்புக்குள் இருக்கும் கிருமி மூச்சுக்காற்றில் வெளிவருவதில்லை. தட்டும் தம்ளரும் காசநோயைப் பரப்புவதும் இல்லை. ஆனால் முள்ளந்தண்டுக்கு அந்தக் கிருமி பெரும்பாலும் நுரையீரலிலிருந்துதான் குருதி வழியாகப் போயிருக்கும். நுரையீரலில் இன்னும் நோய் இருக்கிறதா என்று பார்த்தார்களா? நெஞ்சுப் படமும், சளி வந்தால் சளிப் பரிசோதனையும் அவசியம். அதில் நோய் தெரிந்தால் வீட்டிலுள்ள எல்லோரையும் மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை முதலில் காட்டுங்கள்.

மாத்திரை தொடங்கிய நாள் முதல் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது. (மானிப்பாய்)

மாத்திரையிலுள்ள றிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தின் நிறம் அது. பயம் வேண்டாம். ஆனால் கண்ணின் வெண்மை மஞ்சளானாலோ, சாப்பாடு வெறுத்தாலோ, வாந்தி வந்தாலோ அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள்; ஈரலைப் பரிசோதிக்க வேண்டும்.

அப்பா இரண்டு மாதமாக மருந்து எடுக்கிறார். சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டோம். (வல்வெட்டித்துறை)

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? சூரை போன்ற கருஞ்சதை மீன்கள் பிடிபட்ட பின் வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற குறிகளைத் தரும் பொருள் பெருகும்; சமைத்தாலும் அது அழியாது. சாதாரணமாக நம் உடல் அதைச் சிதைத்துவிடும். அப்பா எடுக்கும் காசநோய் மருந்துகளில் ஒன்றான ஐசோநயசிட் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. இதை 1970களிலேயே இலங்கை வைத்தியர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். மருந்து முடியும்வரை சூரை வகைகள் வேண்டாம். விளை, ஒட்டி, இறால் எல்லாம் புதிதாகக் கிடைத்தால் தாராளமாகச் சாப்பிடலாம். நாளைக் காலையே அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், எத்தனை நாள் விடுபட்டது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். காசநோய் மருந்தை வீட்டில் கூடிப் பேசி நிறுத்தக்கூடாது.

நான் பல்கலைக்கழக மாணவன். யாழ்ப்பாண மாவட்டத்தில் எலும்புக் காசநோயின் வீதத்தைக் கண்டறிய, ஒரு பெரிய வைத்தியசாலையின் பத்து வருடப் பதிவேட்டில் உள்ள நோயாளிகளை எண்ணி மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால் போதுமா? இந்த வருடம் எண்ணிக்கை இரட்டித்திருப்பதாகவும் தெரிகிறது.

போதாது. இந்தத் தவறை அச்சேறிய கட்டுரைகளிலும் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு எண்ணைச் சொன்னதும் 'எத்தனை பேருக்குள்?' என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வரவேண்டும்.

முதலில் மேலே வைக்கும் எண். யாழ் போதனா வைத்தியசாலை மாவட்டத்துக்கு மட்டுமானது அல்ல. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் முள்ளந்தண்டு நோயாளிகள் அங்கே வருகிறார்கள். அவர்களை எண்ணிவிட்டு யாழ்ப்பாணத்தாரால் மட்டும் வகுத்தால் வீதம் வீணாக ஏறும். மறுபக்கம், சுன்னாகத்துக்காரர் ஒருவர் கொழும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்டால் உங்கள் பதிவேட்டில் அவர் இல்லவே இல்லை. ஒரே ஆள் எலும்பு விடுதியிலும் மார்பு நோய் சிகிச்சை நிலையத்திலும் பதிவாகி இரண்டு பேராவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: நுரையீரலிலும் எலும்பிலும் சேர்ந்து நோய் உள்ளவர், உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணப்படி நுரையீரல் நோயாளியாகத்தான் பதியப்படுவார். எலும்பு என்ற நிரலை மட்டும் கூட்டுகிறவருக்கு அவர் கண்ணிலேயே படமாட்டார்.

அடுத்தது கீழே வைக்கும் எண். இன்றைய மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 6 இலட்சம். 1981இல் அது 7 இலட்சத்துக்கும் மேல். இடையில் 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. 2012இல்தான் முழு எண் கிடைத்தது. 1995 போர்க்கால இடப்பெயர்வில் யாழ் குடாநாட்டின் வலிகாமமே ஒரு இரவில் எழும்பித் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போன ஆண்டில், யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எந்த மாதத்தை வைத்துச் சொல்வது? அந்தக் காலத்துக்கு நாலாம் தசமதானம் வரை வீதம் எழுதுகிறவர்கள், தங்களை நம்பி வாசிப்பவர்களை ஏமாற்றுகிறார்கள்.

இனி உங்கள் 'இரட்டிப்பு'. நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது ஆயிரம் காசநோயாளர் பதிவாகிறார்கள். இலட்சத்துக்கு நாற்பது பேர் என்று வையுங்கள். அந்தச் சராசரியை 6 இலட்சம் பேருக்குப் பொருத்தினால் 240. அதில் கால்வாசி, அதற்குச் சற்று மேல், நுரையீரலுக்கு வெளியே, 60 என்போம். அதில் பத்தில் ஒரு பங்கு எலும்பும் மூட்டும். ஆக ஆண்டுக்கு ஆறு பேர், அவர்களில் பாதிப் பேருக்கு முள்ளந்தண்டில். இது அளவின் பருமனை உணர்வதற்கான கணக்குத்தான். மாவட்டத்தின் உண்மை எண் என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். ஆறு பேரை எதிர்பார்க்கும் இடத்தில் ஒரு வருடம் மூன்று பேரும் மறு வருடம் ஒன்பது பேரும் வருவது வெறும் தற்செயலாகவே நடக்கும். புதிய எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒன்று வந்தாலே எண்ணிக்கை கூடிவிடும். நோய் கூடியிருக்காது, கண்டுபிடிப்பு கூடியிருக்கும்.

ஆகவே வீதத்தை விடுங்கள். நோவு தொடங்கிய நாளுக்கும் சிகிச்சை தொடங்கிய நாளுக்கும் இடையில் எத்தனை மாதம் போனது, அந்த மாதங்கள் எங்கே போயின என்று ஒவ்வொரு கோவையாகப் பாருங்கள். கால் விளங்காமல் போனபின் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த மாவட்டத்துக்கு அதுதான் பயன்படும்.

சத்திரசிகிச்சையில் எடுத்த துண்டின் அறிக்கையில் 'காசநோய்க்கு ஒத்த மாற்றங்கள்' என்று மட்டுமே இருக்கிறது. ஏன் உறுதியாகச் சொல்லவில்லை? (பருத்தித்துறை)

துண்டு முழுவதையும், அது கெடாமல் காக்கும் ஃபோமலினில் போட்டிருப்பார்கள். அதில் விழுந்த கிருமி செத்துவிடும். பிறகு கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனை செய்ய வழியில்லை, மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்றும் அறிய முடியாது. ஒரு பகுதி ஃபோமலினிலும் இன்னொரு பகுதி வெறும் சேலைன் என்ற உப்புநீரிலும் போக வேண்டும்; சேலைனில் போனதில் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் சோதனையும் வளர்ப்பும் செய்யலாம். சத்திரசிகிச்சைக்கு முன் 'இரண்டு போத்தலில் அனுப்புவீர்களா?' என்று பணிவாகக் கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

பசுப்பாலில் இருந்து வருமா? (கைதடி)

காய்ச்சாத பாலில் இருந்து வரலாம். பாலைப் பதப்படுத்தும் வழக்கம் பரவுமுன் இங்கிலாந்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எலும்பில் காசநோய் வந்தது அப்படித்தான். பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.

பிறந்தவுடன் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கிறது. பிறகு எப்படி இந்த நோய் வரும்?

பி.சி.ஜி. சிறுபிள்ளைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காக்கும். நாற்பது வயதில் முள்ளந்தண்டைக் காக்காது.

தம்பி கனடா போகும்போது விசாவுக்கான நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. இரண்டு வருடத்தில் இடுப்பு மூட்டில் காசநோய் என்கிறார்கள். அங்கேதான் தொற்றியதா? (கரவெட்டி)

பெரும்பாலும் இங்கிருந்து உறங்கும் கிருமியாகக் கொண்டு போயிருப்பார். நெஞ்சுப் படம் நெஞ்சை மட்டுமே காட்டும். புலம்பெயர்ந்த முதல் சில ஆண்டுகளில் நோய் தலைகாட்டுவது வழமை. இருபது ஆண்டு கழித்து வருவதும் உண்டு. நம்மவர்கள் வெளிநாட்டு வைத்தியரிடம் முதுகு நோவு என்றதோடு நிறுத்திவிடுகிறார்கள். 'நான் காசநோய் உள்ள நாட்டில் பிறந்தவன், வீட்டில் ஒருவருக்கு இருந்தது' என்பதையும் சேர்த்துச் சொன்னால் பல மாதங்கள் மிச்சமாகும்.

அண்ணனுக்கு 1990களில் ஷெல் பட்ட காயம், முதுகில் இன்னும் துண்டுகள் உள்ளன. நான்கு மாதமாகக் கடும் முதுகு நோவு. பழைய காயம் என்று எண்ணெய் போட்டு உருவுகிறோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். (கிளிநொச்சி)

உருவுவதை இன்றே நிறுத்துங்கள். முறிவு நெரிவு வைத்தியர்களின் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் உள்ளே சீழ் கட்டி முள்ளெலும்பு உளுத்திருந்தால், ஒரு அழுத்தலில் அது நொறுங்கி நரம்பை நசுக்கிவிடும். ஷெல் துண்டு காசநோயை உண்டாக்காது. அதன்மேல் பழி போட்டு நான்கு மாதம் போனதுதான் இங்கே நடந்த கேடு. எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், ஆகவே 'ஒன்றுமில்லை' என்ற படம் தொடக்கத்தில் எதையும் விலக்கிவிடாது. படுத்தாலும் தீராத நோவு, அந்திக் காய்ச்சல், மெலிவு, முதுகில் ஒரே இடத்தில் தட்டினால் துள்ள வைக்கும் வலி ஆகியவற்றைக் கவனியுங்கள். ஆறு கிழமைக்கு மேல் நீடிக்கும் முதுகு நோவைக் காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும் என்று எத்தனை முறையும் எழுதுவேன்.

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால், உடலில் உலோகத் துண்டு இருக்கிறது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். அந்தக் காந்தம் இரும்பை அசைக்கும். தேவையானால் சி.டி. எடுப்பார்கள். கால் மரத்தால், தடுமாறினால், சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அந்த மணித்தியாலத்திலேயே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஏழு வயது மகள் குனிந்து பொருளை எடுக்க மாட்டாள். சோம்பேறித்தனம் என்று ஏசுகிறோம். (நெடுந்தீவு)

ஏசாதீர்கள். நிலத்தில் ஒரு சில்லறைக் காசைப் போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதுகைப் பலகைபோல நேராக வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடித்து இறங்கி, எழும்பும்போது தொடையில் கையை ஊன்றினால், அவள் முள்ளந்தண்டை அசையவிடாமல் காக்கிறாள். இரவில் திடுக்கிட்டு அழுகிறாளா? முதுகின் நடுவில் சிறு புடைப்பு தட்டுப்படுகிறதா? வீட்டில் யாருக்காவது நீண்ட இருமல் உண்டா? இந்தக் கிழமையே படகேறி வாருங்கள். இப்போது பிடித்தால் கூன் விழாமல் தடுக்கலாம். விழுந்த கூனை மருந்து நிமிர்த்தாது.

மூன்றாம் மாதமே நோவு போய்விட்டது. ஒன்பது மாதமும் எடுக்கத்தான் வேண்டுமா? (சுன்னாகம்)

வேண்டும். நுரையீரலுக்கு ஆறு மாதம். எலும்புக்குப் பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். நோவு போவது முதலில் நடக்கும், கிருமி ஒழிவது கடைசியில். மருந்து இலவசம், கிளினிக் பக்கத்தில் இருக்கிறது; அடுத்த திகதியைத் தவறவிடாதீர்கள்.