கேள்வி நேரம்: லைன் நிரம்புகிறதா, வைஃபை திணறுகிறதா?

மருத்துவமனைக்கு வருகிறவர்கள் தங்கும் 40 அறை லாட்ஜ் நடத்துகிறோம். 200 எம்பிபிஎஸ் ஃபைபர், மைக்ரோடிக் ரவுட்டர், மாடிக்கு இரண்டு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். இரவு எட்டு மணிக்கு மேல் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. லைன்காரர் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டி, 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்கிறார். 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாறிவிடலாமா?
— வாசகர், தோட்டப்பாளையம், வேலூர்

இப்போதே மாற வேண்டாம். லைன் நிரம்புகிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். ஸ்பீடு டெஸ்ட் அந்த ஒரு நிமிடத்தை மட்டும்தான் சொல்லும். எட்டு மணிக்கு யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்பதை ஃப்ளோ பதிவுதான் சொல்லும். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில் (எந்தச் சேவை என்று காட்டும் எண்), எத்தனை பைட், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதே அந்தப் பதிவு. போன் பில்லில் யாருக்கு எத்தனை நிமிடம் என்று வரும், பேசிய பேச்சு வராது. இதுவும் அப்படித்தான்.

உங்கள் ரவுட்டரிலேயே இந்த வசதி இருக்கிறது. வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருள்) ஐபி மெனுவில் டிராஃபிக் ஃப்ளோவைத் திறந்து எனேபிள் செய்யுங்கள். இன்டர்ஃபேஸாக லேன் பக்கத்து (லாட்ஜுக்குள் இருக்கும் நெட்வொர்க்) பிரிட்ஜை மட்டும் தேர்ந்தெடுங்கள். வேன் பக்கத்தில் (வெளியே போகும் லைன்) பிடித்தால், நேட் ஆன பிறகு, அதாவது உள் முகவரிகளை ரவுட்டர் ஒரே வெளி முகவரியாக மாற்றிய பிறகு, 40 அறையும் ஒரே முகவரியாகத் தெரியும். ஆக்டிவ் ஃப்ளோ டைம்அவுட் 30 நிமிடம் என்று இருக்கும். அதை 1 நிமிடமாக்குங்கள். (காரணம் அடுத்த பதிலில்.) டார்கெட்டில் பதிவைச் சேர்க்கப்போகும் கம்ப்யூட்டரின் முகவரி, போர்ட் 2055, வெர்ஷன் 9. வெர்ஷன் 5 வேண்டாம், அதற்கு ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) தெரியாது. இப்போது பல ஃபைபர் லைன்களில் ஐபிவி6-உம் வருவதால் பெரும்பங்கு கணக்கில் விடுபட்டுப் போகும்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் உபுண்டு போட்டு, ஃப்ளோ பதிவைச் சேர்த்துக் கணக்கு சொல்லும் என்எஃப்டம்ப் மென்பொருளை நிறுவினால் போதும், காசு கிடையாது. அதோடு வரும் என்எஃப்கேப்டி, 5 நிமிடத்துக்கு ஒரு ஃபைலாக எழுதிக்கொண்டே போகும். ஒன்றுமே வரவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் ஃபயர்வாலில் யுடிபி 2055 திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். வெர்ஷன் 9-இல் டெம்ப்ளேட் (பதிவில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பு) வந்து சேரும்வரை பதிவைப் படிக்க முடியாது. அதனால் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் காலியாக இருந்தால் பதற வேண்டாம்.

அடுத்ததாக ஒரு சோதனையை அவசியம் செய்யுங்கள். ஒரு லேப்டாப்பில் 1 ஜிபி ஃபைல் ஒன்றை இறக்கி, அந்த லேப்டாப்பின் முகவரிக்கு என்ன கணக்கு வருகிறது என்று பாருங்கள். 2 ஜிபி என்று வந்தால் ஒரே பாக்கெட் இரண்டு இடத்தில் எண்ணப்படுகிறது. சில எம்பி மட்டும் வந்தால் ஒரு திசை விடுபட்டிருக்கிறது. இதைச் செய்யாமல் பதிவை நம்பினால் பிறகு எல்லா முடிவும் தப்பாகும்.

இனி கணக்கு. 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 25 எம்பி. 5 நிமிடத்துக்கு 7.5 ஜிபி. எட்டரை மணி ஃபைல்கள் காட்டும் பைட் கணக்கு ஏழு ஜிபிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் லைன் உண்மையிலேயே நிரம்புகிறது. இரண்டு, மூன்று ஜிபிதான் என்றால் லைன் காலியாகக் கிடக்கிறது, திணறுவது வைஃபை. அந்த நிலையில் 300 என்ன, 1000 வாங்கினாலும் அறைக்குள் ஒன்றும் மாறாது. ஆக்சஸ் பாயிண்ட்களை 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களுக்குப் பிரித்துப் போட்டு, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, முடிந்தவர்களை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள்.

நிரம்புகிறது என்றால், பைட் கணக்கில் முதல் பத்து முகவரிகளை என்எஃப்டம்ப்பில் கேளுங்கள். ஒன்றிரண்டு முகவரி மட்டும் பாதியை விழுங்கினால், பிளான் மாற்றாமல் ஆளுக்கு ஒரு உச்சவரம்பு வைத்தாலே தீரும். எல்லோரும் சமமாக 3, 4 எம்பிபிஎஸ் எடுத்துக்கொண்டிருந்தால் தாராளமாக 300-க்குப் போங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் இரவில் வீட்டோடு வீடியோவில் பேசுவது தேவைதானே, அதை வெட்டக்கூடாது. அறைவாரியாகத் தேட வேண்டாம், போன்கள் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) மாற்றிக் காட்டும். மாடிக்கு ஒரு விலேன் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனிப் பிரிவு) போட்டு 192.168.11, 192.168.12 என்று பிரித்தால் எந்த மாடி என்பது தெரிந்துவிடும்.

எங்கள் லைன் 100 எம்பிபிஎஸ். ஆனால் ஃப்ளோ பதிவின் வரைபடத்தில் அவ்வப்போது 240 வரை ஏறுகிறது. எப்படி?
— வாசகர், காட்பாடி

டைம்அவுட்தான். ஒரு ஃப்ளோ முடியும்வரை ரவுட்டர் அதன் பதிவை அனுப்பாது, அல்லது ஆக்டிவ் டைம்அவுட் வரை காத்திருந்து அனுப்பும். 40 எம்பிபிஎஸ்ஸில் அரை மணி நேரம் ஓடும் ஒரு டவுன்லோடு 9 ஜிபி. அந்த 9 ஜிபியும் ஒரே பதிவாக, ஒரே 5 நிமிட ஃபைலில் வந்து விழுகிறது. 9 ஜிபியை 300 நொடியால் வகுத்தால் 240 எம்பிபிஎஸ். அதற்கு முந்தைய 25 நிமிடம் வரைபடத்தில் வெறுமையாக இருக்கும், பாருங்கள். டைம்அவுட்டை 1 நிமிடமாக்கியதும் சரியாகும். பதிவுகளின் எண்ணிக்கை கூடும், டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்த அளவைச் சரிபார்க்க எஸ்என்எம்பியில் (ரவுட்டரின் எண்ணிக்கைகளை வெளியிலிருந்து படிக்கும் முறை) இன்டர்ஃபேஸ் கவுண்டரையும் ஓட விடுங்கள். ஆனால் 64 பிட் கவுண்டரையே எடுக்க வேண்டும். 32 பிட் கவுண்டர் 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் 34 நொடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிறவருக்கு எத்தனை சுற்று போனது என்றே தெரியாது.

தோல் ஏற்றுமதி அலுவலகம். டவுன்லோடு பாதிகூட நிரம்பவில்லை. ஆனாலும் வெளிநாட்டு பையரோடு வீடியோ கால் பேசும்போது குரல் விட்டு விட்டு வருகிறது. அப்லோடு 20 எம்பிபிஎஸ்.
— வாசகர், ராணிப்பேட்டை

அப்லோடு திசையைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். சாம்பிள் போட்டோக்கள் கிளவுடுக்கு பேக்கப் ஆகும் நேரமும் வீடியோ கால் விட்டு விட்டு வரும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்லோடு நிரம்பினால் பாக்கெட்டுகள் மோடத்தின் வரிசையில் தேங்கி நிற்கும். ஃப்ளோ பதிவு பைட்டைச் சொல்லுமே தவிர தாமதத்தைச் சொல்லாது. அதனால் பக்கத்தில் ஒரு பிங் (பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓட விடுங்கள். சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் காட்டுவது பேக்கப் ஓடும்போது 300-ஐத் தாண்டினால் சந்தேகமே இல்லை.

மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் பாக்கெட் வரிசையை ஒழுங்குபடுத்தும் கேக் அல்லது எஃப்க்யூ கோடெல் க்யூ இருக்கிறது. அப்லோடை 18 எம்பிபிஎஸ்ஸுக்குக் கட்டுங்கள். லைனைவிடச் சற்றுக் குறைவாக வைத்தால்தான் வரிசை மோடத்தில் நிற்காமல் உங்கள் ரவுட்டரில் நிற்கும். மறக்கக்கூடாத ஒன்று: ஃபயர்வாலில் ஃபாஸ்ட்டிராக் விதி (டிராஃபிக்கைக் குறுக்கு வழியில் வேகமாக அனுப்புவது) இருந்தால் அந்த டிராஃபிக் சிம்பிள் க்யூவைத் தொடாமலே போய்விடும். க்யூ போட்டும் பலனில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். விதியை நிறுத்தியபின் சிபியு எவ்வளவு ஏறுகிறது என்று கவனியுங்கள், சின்ன ரவுட்டர்கள் மூச்சு வாங்கும்.

எல்லாமே போர்ட் 443 என்றுதான் காட்டுகிறது. எது யூடியூப், எது ஆபீஸ் வேலை என்று எப்படிப் பிரிப்பது?
— வாசகர், குடியாத்தம்

போர்ட்டை வைத்து இனி முழுதாகப் பிரிக்க முடியாது. யூடியூப்கூட க்விக் என்ற புதிய இணைப்பு முறை வழியாக யுடிபி 443-இல்தான் வருகிறது. முகவரி எந்த நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணில் (இணையத்தில் ஒவ்வொரு பெரிய நெட்வொர்க்குக்கும் உள்ள எண்) இருக்கிறது என்று பாருங்கள்: கூகுள் 15169, மெட்டா 32934, மைக்ரோசாஃப்ட் 8075. ஆனால் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் கூகுளின் கேஷ் சர்வர் உங்கள் லைன் கம்பெனிக்குள்ளேயே இருந்தால் வீடியோ அந்தக் கம்பெனியின் முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். அதை வேறு ஏதோ என்று தள்ளிவிடாதீர்கள். வீடியோ கால்களைக் கண்டுபிடிப்பது எளிது. டீம்ஸ் யுடிபி 3478 முதல் 3481 வரை, ஜூம் யுடிபி 8801 முதல் 8810 வரை பயன்படுத்துகின்றன. அவற்றுக்கு க்யூவில் முதலிடம் கொடுக்க இவ்வளவு தெரிந்தால் போதும். யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஆள் ஆளாகத் துருவ வேண்டியதில்லை, அது சரியும் அல்ல.

16 கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ். ஃப்ளோவில் ஒன்றுகூடத் தெரியவில்லையே?
— வாசகர், சத்துவாச்சாரி

கேமராவும் என்விஆரும் (கேமரா படங்களைப் பதியும் பெட்டி) ஒரே சுவிட்சில் இருந்தால் அந்த 64 எம்பிபிஎஸ் ரவுட்டரைத் தொடாது. சுவிட்சில் எஸ்ஃப்ளோ (ஃப்ளோ பதிவு போன்ற இன்னொரு முறை) இருந்தால் அங்கே போடுங்கள், போர்ட் 6343. அது எல்லா பாக்கெட்டையும் எண்ணாது, சாம்பிள் எடுத்துப் பெருக்கும். பெரிய ஓட்டங்களுக்கு நம்பலாம், சின்னச் சின்னவற்றுக்கு நம்ப வேண்டாம்.

கரண்ட் போய் வந்தால் அன்றைய பதிவில் நேரம் எல்லாம் 1970 என்று இருக்கிறது.
— வாசகர், ஆரணி

சின்ன ரவுட்டர்கள் பலவற்றில் கடிகார பேட்டரி கிடையாது. இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுக்கும் என்டிபி கிளையண்ட்டை ஆன் செய்யுங்கள். நேர மண்டலம் ஆசியா கொல்கத்தா. பதிவு சேர்க்கும் கம்ப்யூட்டரிலும் அதே என்டிபி இருக்கட்டும். நிறுவனமாக இருந்தால் இது வசதிக்காக மட்டுமல்ல: மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவு, கடிகாரத்தை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தோடு பொருத்தவும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வைத்துவிட்டால் பத்து நிமிட பவர் கட்டுக்கு ரீபூட் ஆவதும் நிற்கும்.