சூறாவளிப் பருவம் அமைதியாக இருக்கும் என்கிறார்கள், வெள்ளக் காப்பீடு தேவையா?

அன்புள்ள தம்பி,

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வாடகை வீடு பிடித்திருப்பதாகவும், ஆகஸ்டில் மனைவியும் குழந்தையும் வரவிருப்பதாகவும், பசிபிக் கடல் வழக்கத்துக்கு மீறிச் சூடேறும் எல் நினோ உருவாவதால் அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் இந்த முறை சராசரிக்குக் கீழேதான் இருக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கணிப்பை நம்பலாமா, நம்பினால் வெள்ளக் காப்பீட்டை இந்த ஓர் ஆண்டு தள்ளிப்போடலாமா, குடும்பத்தை டிசம்பரில் வரச் சொல்லலாமா என்பவை உங்கள் கேள்விகள். கணிப்பை மதிக்கலாம், ஆனால் காப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பது, கணிப்பு எதைச் சொல்கிறது என்று பார்த்தால் புரியும்.

பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுக் கணக்கின்படி, ஒரு பருவத்தில் சராசரியாக 14 புயல்கள் பெயர் பெறுகின்றன. அவற்றில் 7 சூறாவளியாக வலுக்கின்றன. அந்த ஏழில் மூன்று, மணிக்கு 178 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றோடு சுழலும் பெருஞ்சூறாவளிகள். இந்தப் பருவத்தை மாதங்களுக்கு முன்பே கணிக்க முடியும் என்று 1984இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டத் தொடங்கியவர் வில்லியம் கிரே. அவர் 2016இல் மறைந்தார். இப்போது பிலிப் குளோட்ஸ்பாக் தலைமையில் அந்தக் குழு ஏப்ரலில் முதல் கணிப்பையும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திருத்தங்களையும் வெளியிடுகிறது. அமெரிக்க அரசின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகமும் மே மாதத்தில் ஒன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்றும் வெளியிடுகிறது. அரசுக் கணிப்பில் ஒற்றை எண் இருக்காது. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு வரம்பும், அதன் பக்கத்தில் 70 சதவீத வாய்ப்பு என்ற குறிப்பும் இருக்கும். பத்துப் பருவங்களில் ஏறத்தாழ மூன்றில் உண்மை எண்ணிக்கை அந்த வரம்புக்கு வெளியே விழலாம் என்று அவர்களே ஒப்புக்கொண்டுதான் வெளியிடுகிறார்கள். செய்திகளில் இந்தக் குறிப்பு பெரும்பாலும் விடுபட்டுப்போவது எனக்கு எப்போதும் வருத்தமளிப்பது.

கணிப்பின் அடிப்படை அழகானது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ அறுபது காற்றலைகள் அட்லாண்டிக்கின் மேல் நகர்கின்றன; பெருஞ்சூறாவளிகளில் மிகப் பெரும்பான்மை இவற்றிலிருந்து பிறப்பவை. அமைதியான ஆண்டிலும் கொந்தளிப்பான ஆண்டிலும் அலைகளின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. விதை ஒரே அளவில்தான் விழுகிறது. நிலம் எப்படி இருக்கிறது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது. ஆகவே கணிப்பாளர்கள் அலைகளை எண்ணுவதில்லை. ஆப்பிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் இடையே கடல் நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது, மேலடுக்குக் காற்றும் கீழடுக்குக் காற்றும் வேகத்திலும் திசையிலும் எவ்வளவு மாறுபடுகின்றன, சகாராவிலிருந்து வறண்ட தூசிக்காற்று எவ்வளவு பரவுகிறது, மேற்கு ஆப்பிரிக்கப் பருவமழை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

எல் நினோ இதில் நுழைவது காற்றின் வழியாக. பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடாகும்போது, கரீபியனுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுக்கிறது. கீழே காற்று கிழக்கிலிருந்து வருவதால், வளரத் தொடங்கும் புயலின் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமுமாக இழுபட்டுச் சிதைகிறது. 2015இல் வலுவான எல் நினோ இருந்தபோது அட்லாண்டிக்கில் 4 சூறாவளிகளே உருவாயின. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையும் கடலூரும் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே சூறாவளிகளை அடக்கும் எல் நினோ, நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையைப் பொதுவாக வலுப்படுத்தும் தன்மை கொண்டது. எனவே உங்கள் அலுவலகத்தில் சொல்வது ஆதாரமற்ற பேச்சன்று.

ஆனால் எல் நினோ என்ற ஒரு சொல்லோடு முடிவுக்கு வந்துவிட முடியாது. 2023இலும் எல் நினோ இருந்தது. அட்லாண்டிக் கடல் அதுவரை இல்லாத அளவு சூடேறியிருந்ததால், இரண்டும் எதிரெதிராக இழுத்து, 20 புயல்கள் பெயர் பெற்றன. 2013இல் எல்லாக் குழுக்களும் கொந்தளிப்பான பருவத்தை எதிர்பார்த்தன. 2 சூறாவளிகள் மட்டுமே வந்தன, பெருஞ்சூறாவளி ஒன்றுகூட இல்லை. மாறாக, 2024 ஏப்ரலில் கொலராடோ குழு 23 புயல்கள், 11 சூறாவளிகள், 5 பெருஞ்சூறாவளிகள் என்று கணித்தது. வந்தவை முறையே 18, 11, 5. அந்த ஆண்டு ஆகஸ்ட் பிற்பகுதியில் கடல் வியக்கத்தக்க அளவு அமைதியாகிவிட, கணிப்பு பொய்த்தது என்று பலர் எழுதத் தொடங்கினார்கள். பின்னர் ஹெலீனும் மில்டனும் இரண்டு வார இடைவெளியில் புளோரிடாவைத் தாக்கின. ஏப்ரல் கணிப்பின் பெரிய பலவீனம், பசிபிக்கின் போக்கை வசந்த காலத்தில் முன்னறிவது கடினம் என்பதே. கோடையின் நடுவில் அது தெளிவாகிவிடுவதால் ஆகஸ்ட் திருத்தம் பொதுவாக ஏப்ரல் கணிப்பைவிட நம்பகமானது. பருவத்தின் வீரியத்தில் பெரும்பகுதி அதன் பிறகே, செப்டம்பர் 10ஐ ஒட்டி உச்சம் தொடுகிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஒரு முழுப் பெருங்கடலுக்கு உரியவை. எந்தப் புயல் எந்தக் கரைக்குப் போகும் என்பதை அவை சொல்வதில்லை. புயலை நகர்த்துவது அந்த வாரத்தில் அட்லாண்டிக்கின் மேல் அமையும் பெர்முடா உயர் அழுத்தப் பகுதி எங்கே நிற்கிறது என்பது போன்ற நிலைமைகள். அவற்றைச் சில நாட்களுக்கு முன்புதான் அறிய முடியும். 2010இல் 12 சூறாவளிகள் உருவாகியும் ஒன்றுகூட அமெரிக்கக் கரையைச் சூறாவளியாகக் கடக்கவில்லை. 1983இல் பருவம் முழுவதும் 4 புயல்களே பெயர் பெற்றன. அவற்றில் முதலாவதான அலீசியா ஆகஸ்டில் கால்வெஸ்டன் அருகே கரையேறி, ஹூஸ்டன் நகர மையத்தின் உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளை நொறுக்கித் தெருவில் கொட்டியது. 1992ஆம் ஆண்டும் அமைதியான ஆண்டுதான். ஆகஸ்ட் நடுவில் உருவான முதல் புயல், ஆண்ட்ரூ, உச்ச நிலையான ஐந்தாம் நிலைச் சூறாவளியாகத் தெற்குப் புளோரிடாவைச் சிதைத்தது. 2025இல் 5 சூறாவளிகளே வந்தன, அமெரிக்காவை ஒன்றும் தொடவில்லை. அந்த ஐந்தில் ஒன்றான மெலிசா அக்டோபர் 28 அன்று ஜமைக்காவை அழித்தது. ஜமைக்காக்காரருக்கு அது சராசரிக்குக் குறைவான பருவம் என்று யாரால் சொல்ல முடியும்?

கரை தொடும் வாய்ப்பையும் கொலராடோ குழு தனியாகக் கணக்கிடுகிறது. எண்ணிக்கையைவிட அதைப் படிப்பது உங்களுக்குப் பயன் தரும். அமெரிக்கக் கரையில் எங்காவது ஒரு பெருஞ்சூறாவளி தாக்கும் நீண்டகாலச் சராசரி வாய்ப்பு 43 சதவீதம். மிகக் கொந்தளிப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட 2024இல் அது 62 ஆக உயர்த்தப்பட்டது. ஒரு நல்ல பருவத்துக்கும் மோசமான பருவத்துக்கும் இடையிலான தூரம் இவ்வளவுதான். அமைதியான ஆண்டில் அபாயம் குறைகிறது, மறைவதில்லை. குறைந்த அந்த அளவை வைத்துக் காப்பீட்டை விடுவது நியாயமான கணக்காகாது.

2017இல் இந்தப் பகுதியை மூழ்கடித்த ஹார்வி சூறாவளியை நேரில் கண்டவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். 2017 ஏப்ரலில் அதே குழுவின் கணிப்பு 11 புயல்கள், 4 சூறாவளிகள். சராசரிக்குச் சற்றுக் குறைவு, காரணம் எதிர்பார்க்கப்பட்ட எல் நினோ. அந்த எல் நினோ வரவில்லை, ஆகஸ்டுக்குள் எண்கள் உயர்த்தப்பட்டன, கடைசியில் 17 புயல்களும் 10 சூறாவளிகளும் வந்தன. ஏறத்தாழ கலைந்தே போயிருந்த ஹார்வி, ஆகஸ்ட் 23 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மீண்டும் உயிர்பெற்று, 25ஆம் தேதி இரவு நான்காம் நிலைச் சூறாவளியாக ராக்போர்ட் அருகே கரையேறியது. பிறகு நகராமல் நின்று பெய்த மழை, டெக்சஸ் மாநிலத்தின் நெடர்லாந்து என்ற ஊரில் 1,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. நீங்கள் குடியேறியிருக்கும் கேட்டிப் பக்கம், பார்க்கர் நீர்த்தேக்கத்தில் தேங்கிய வெள்ளம் பின்னோக்கி ஏறி, வெள்ள அபாய வரைபடத்தில் குறிக்கப்படாத வீடுகளுக்குள்ளும் புகுந்தது. எங்கள் நண்பர்களில் காப்பீடு வைத்திருந்த குடும்பங்களுக்கும் இல்லாத குடும்பங்களுக்கும் அடுத்த ஈராண்டு வாழ்க்கை வேறு வேறாக இருந்தது.

வழக்கமான வாடகைதாரர் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டில் வாடகைக்கு இருப்பவரும் தம் உடைமைகளுக்கு மட்டும் 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். ஆனால் பணம் கட்டி 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும். ஹார்வி மீண்டும் உருவாகிக் கரையேற மூன்று நாட்கள்கூட ஆகவில்லை. எனவே ஆகஸ்ட் கணிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால், உச்சகாலம் நெருங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஜூனுக்குள் எடுத்துவிடுங்கள்.

குடும்பத்தை டிசம்பருக்குத் தள்ள வேண்டியதில்லை. பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். கேட்டி கரையோர வெளியேற்ற மண்டலங்களில் இல்லை. செப்டம்பர் கடந்தால் டெக்சஸ் கரையைச் சூறாவளி தாக்குவது அரிது, 1989 அக்டோபரில் கால்வெஸ்டனுக்கு வந்த ஜெர்ரி போன்றவை விதிவிலக்குகள். ஆகவே கவனமாக இருக்க வேண்டிய காலம் அவர்கள் வந்த முதல் ஆறேழு வாரங்கள்தான். அந்த வாரங்களில் பருவக் கணிப்பை மறந்துவிட்டு, மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம் நாள்தோறும் வெளியிடும் ஏழு நாள் முன்னோட்டத்தைக் காலையில் ஒருமுறை பாருங்கள். 2024 ஜூலையில் முதல் நிலைச் சூறாவளியாகவே வந்த பெரில், இந்தப் பகுதியில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரத்தைத் துண்டித்தது. எங்கள் தெருவில் பல நாட்கள் கோடை வெக்கையில் மின்சாரம் இல்லை. கைக்குழந்தை என்றால் குடிநீர், பால்மாவு, மருந்து ஆகியவற்றை ஒரு வாரத்துக்கு வைத்திருங்கள். மின்சாரம் உள்ள வேறு ஊரில் இரண்டு நாள் தங்க ஓர் இடத்தையும் இப்போதே பேசி வையுங்கள். ஆஸ்டினிலோ டல்லஸிலோ தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், ஏற்பாடு செய்யலாம்.